மெராரி வீட்டார்

கனடாவின் அஜின்கோர்ட்டில் கூடிய அந்தத் தமிழ்ச் சபைக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. பள்ளிக்கூடம் ஒன்றின் ஜிம்மை ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மத்தியானம் வரை அங்கே பந்தடித்த பிள்ளைகளின் வியர்வை நாற்றம் போகுமுன்னே, சபையார் வான் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கத் தொடங்கிவிடுவார்கள். உட்கார மடக்குக் கதிரைகள், கூடைப்பந்து வளையத்தை மறைக்கிற ஊதாத் திரை, கீபோர்ட், மைக், மரச்சிலுவை, திருவிருந்து மேசை, அதற்கு விரிக்கிற வெள்ளைத் துணி. ஆராதனை முடிந்ததும் எல்லாம் மறுபடி வானுக்குள் போய்விடும். திங்கட்கிழமை காலையில் வருகிற வாத்தியாருக்கு, நேற்று இங்கே ஒரு கோயில் இருந்த சங்கதியே தெரியாது.

வெள்ளிக் கோப்பையும், சின்னக் கிண்ணங்கள் அடுக்குகிற தட்டுகளும் மட்டும் வானில் போவதில்லை. அவை அன்புராசாவின் காரில், அவன் மனைவி வேரோனிக்காவின் மடியில் போகும். அது யாரும் கொடுத்த பதவி அல்ல. சபை தொடங்கியதே பார்க்டேலில் அவர்கள் இருந்த ஒற்றை அறை அப்பார்ட்மென்டில்தான். அகதியாக வந்திறங்கிய நாலைந்து குடும்பங்கள் கம்பளத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து பாடியபோது, சமையல் மேசைதான் பலிபீடம். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அன்புராசா செய்த முதல் செலவு அந்தக் கோப்பை. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு அவனே அதைத் தூக்கிக்கொண்டு சபை நடுவால் நடப்பான். வாரம் முழுக்க மேற்பார்வைப் போர்மனிடம் ஏச்சு வாங்குகிற மனிதனுக்கு அந்த நடை எவ்வளவு பெரிது என்பது வேரோனிக்காவுக்குத் தெரியும். கோப்பையை அவள் தன் கையால்தான் கழுவுவாள், மகளைக்கூடத் தொடவிடமாட்டாள்.

தொண்ணூற்றாறு தை மாதம் பாஸ்டர் ஞானதிரவியம் லேவியரைப் பற்றிப் பிரசங்கம் பண்ணத் தொடங்கினார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், வந்து இரண்டு வருஷம். சபையின் ஏற்றி இறக்கும் கூத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். ஒரு கிழமை மைக் வயரைக் காணவில்லை, மறு கிழமை சிலுவையை வானிலேயே மறந்துவிட்டார்கள். மோசேயின் காலத்து வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய், நிற்கிற இடத்தில் மறுபடி நிறுத்தியது லேவியரின் மூன்று வீட்டார். கோகாத்தின் வீட்டார் பெட்டியையும் மேசையையும் பாத்திரங்களையும் தோளில் சுமந்தார்கள். கெர்சோன் வீட்டாருக்குத் திரைகளும் மூடுவிரிப்புகளும். மெராரி வீட்டாருக்குப் பலகை, தூண், ஆப்பு, கயிறு. "ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு வீடு. நாமளும் அப்படிச் செஞ்சா என்ன?" என்று கேட்டார். சபை தலையாட்டியது.

பிரிக்கிற பொறுப்பைச் செயலாளர் பொன்னம்பலத்திடம் விட்டார். "பிதாக்களின் வம்சப்படி பிரிச்சிருங்க அண்ணாச்சி. ஒரே ஊர்க்காரங்க ஒண்ணா இருந்தா வேலை சுலபமா நடக்கும்" என்றார். அந்த நல்ல மனிதருக்கு யாழ்ப்பாணம் தெரியாது.

பொன்னம்பலம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தார். ஊரில் தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், குரலில் இன்னும் அந்த மரியாதை இருந்தது. அன்புராசா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, இவ்வளவு காலமாப் பழகிறம். ஊரிலை எவடம் எண்டு நான் வடிவாக் கேக்கேல்லை என்ன?"

இது முகவரி கேட்கிற கேள்வி அல்ல. ஊரின் பெயரை மட்டும் சொன்னால் காணாது. எந்த ஒழுங்கை, எந்தக் குளத்துக்கு அங்காலே, ஆருடைய வளவுக்குப் பின்பக்கம் என்று போகும். மூன்றாவது பதிலில் கேட்கிறவருக்கு உங்கள் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கத் தேவையில்லை. அவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

அன்புராசா இந்தக் கேள்வியைக் கனடாவில் எத்தனையோ தரம் தாண்டியவன். "ஸ்ரேசனுக்குக் கிட்ட அண்ணை" என்று சொல்லிவிட்டுப் பனியைப் பற்றியோ லோட்டோவைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுவான். ஆனால் அன்று அவன் மனது வேறு மாதிரி இருந்தது. ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்கியதும், யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் கிளம்பி நடந்தது. அவனுடைய தாயும் தம்பியும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று இன்னும் ஒரு தகவல் இல்லை. ஊரைப் பற்றி யார் கேட்டாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒழுங்கையைச் சொன்னான். வடலிக் காணியைச் சொன்னான். பொதுக் கிணற்றைச் சொன்னான், அதற்குப் பின்னால் இருந்த தங்கள் வீட்டையும் சொன்னான்.



"ஓ... அவடமே. சரி தம்பி, வைக்கிறன்."

மனிதருக்கும் கவலை போலும் என்று அன்புராசா நினைத்தான். பாவி மனிதன், அப்படித்தான் நினைத்தான்.

அடுத்த ஞாயிறு பொன்னம்பலம் மைக்கில் வீட்டார்களை வாசித்தார். அன்புராசாவின் பெயர் மெராரியில் வந்தது. கதிரை, மேடைப் பலகை, வயர், கதவு. கனமான வேலைக்குப் பலமான ஆள் தேவைதானே என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான். கோப்பையைப் பற்றி ஒரு சொல்லும் வராததால் அது பழையபடி தன்னிடம்தான் என்று இருந்துவிட்டான். ஆராதனை முடிந்ததும் பொன்னம்பலமும் அவர் மனைவி பேபியும் அவனிடம் வந்தார்கள்.

"கோப்பையும் தட்டுகளும் இனி எங்கடை வீட்டிலை இருக்கட்டும் தம்பி. உது கோகாத் வீட்டாரின்ரை பொறுப்பு."

வேரோனிக்கா கோப்பைப் பெட்டியை நீட்டினாள். பேபி அதை வாங்கினாள். வாங்கும்போது வேரோனிக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்புராசா கதிரைகளை மடக்கி அடுக்கினான். ஒரு பத்துக் குடும்பம் சேர்ந்து செய்ததில் வேலை உண்மையிலேயே கெதியாக முடிந்தது. அவன் பகிடி விட்டுக்கொண்டு கயிறு கட்டினான். வேரோனிக்கா மட்டும் ஒரு கதிரையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"என்னப்பா, மடிச்சுத் தாவன்" என்றான்.

"இஞ்சை நிக்கிற ஆக்களை ஒருக்காப் பாருங்கோ" என்றாள் மெதுவாக. "ஒவ்வொருத்தராப் பாருங்கோ."

பார்த்தான். ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவர் வடமராட்சி, ஒருவர் தீவுப் பக்கம், ஒருவர் மட்டக்களப்பு. ஒரே ஊர்க்காரர் என்று இரண்டு குடும்பம்கூட அங்கே இல்லை. ஊர் வேறு, தொழில் வேறு, வந்த வருஷம் வேறு. இந்தப் பத்துக் குடும்பத்தையும் ஒன்றாகக் கட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான். திரும்பி வானருகே நின்ற கோகாத் வீட்டாரைப் பார்த்தான். அங்கேயும் அதே கணக்கு, மறுபக்கத்திலிருந்து.

ஊரில் ஷெல் குண்டுக்கும் பயந்தவன்தான், விமான நிலையத்தில் பொய்ப் பாஸ்போட்டோடு நின்றபோதும் பயந்தவன்தான், ஆனால் இப்படி ஒரு திகைப்பு அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அவனோடு கதிரை சுமந்த மற்ற ஒன்பது குடும்பமும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றது. அவர்களுக்கு இன்னும் தெரியாதா, தெரிந்துதான் சிரிக்கிறார்களா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காரில் ஏறப் போன பொன்னம்பலத்தைப் பிடித்துக் கேட்டான்.

"அண்ணை, என்ன அடிப்படையிலை பிரிச்சனீங்கள்?"

"பாஸ்டர் சொன்னபடி தம்பி. பிதாக்களின்ரை வம்சப்படி." அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. "கர்த்தருக்கு முன்னாலை எல்லாரும் சமன். அதிலை எனக்கு வேற கருத்தில்லை. ஆனா பாத்திரம் எண்டு வரேக்கை சனத்துக்கு ஒரு மனச்சங்கடம் இருக்கும். நாளைக்கு ஆரும் உம்மட முகத்துக்கு நேரை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டால்? உம்மைக் காப்பாத்தத்தான் இப்படிச் செய்தனான்."

காப்பாற்றினாராம்! கார் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாஸ்டரின் அப்பார்ட்மென்டுக்குப் போனான். போகும் வழியெல்லாம் பாஸ்டரைத் திட்டிக்கொண்டே போனான். இவருக்குத் தெரியாமல் நடந்திருக்குமா? வம்சம் என்ற சொல்லை எடுத்ததே இவர்தானே? கோப்பை இல்லாமல் சபைக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டு வருவதாக வேரோனிக்காவிடம் சத்தியம் பண்ணியிருந்தான்.

பாஸ்டர் தேத்தண்ணி போட்டு வைத்தார். அன்புராசா விஷயத்தைச் சொன்னான். அவருக்குப் புரியவில்லை.

"எவடம்னு கேட்டா என்ன பிரதர்? ஊரைக் கேக்கிறதுதானே?"

அன்புராசா விளங்கப்படுத்த வேண்டி வந்தது. ஒழுங்கை, கிணறு, வளவு, மூன்றாவது பதில். கடைசியில் தன் சாதியின் பெயரையும் சொல்ல வேண்டி வந்தது. கனடா மண்ணில் அந்தச் சொல்லை அவன் வாய் முதல் தடவையாகச் சொல்லியது. சொன்னதும் அவமானம் காது வரை சுட்டது. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்தபோது பாஸ்டரின் முகம் வெளிறிப்போயிருந்தது. எழும்பி ஜன்னலடிக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழும்பினார்.

"நான்தான் செஞ்சேன்" என்றார். "என் வாயால நானே செஞ்சிருக்கேன்."

திட்டுவதற்கு வந்தவன் திட்டவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை திருவிருந்து. வாங்க பிரதர், வராம இருந்துராதீங்க" என்று பாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேரோனிக்கா போகவே வேண்டாம் என்றாள். அன்புராசா, ஒருமுறை போவோம், கடைசித் தரம் என்றால் கடைசித் தரம் என்றான். ஞாயிறு வெளியே நல்ல பனி. மெராரி வீட்டார் அன்று பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். விஷயம் போனிலேயே பரவிவிட்டது. வந்தவர்கள் பேசாமல் கதிரை விரித்துவிட்டுப் பின்வரிசையில் இருந்தார்கள். கோகாத் வீட்டார் முன்வரிசையில். பொன்னம்பலம் கோட்டும் டையுமாகக் கோப்பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். தனக்குரிய இடத்தில் வேறொருவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அன்புராசா நினைக்கவில்லை. வேரோனிக்கா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

பாஸ்டர் பிரசங்கப் பேப்பர் இல்லாமல் எழும்பினார்.

"லேவி யாரு தெரியுமா? சொந்த அப்பனே சாகக் கிடக்கும்போது சபிச்ச பிள்ளை. கொலைவெறி பிடிச்சவன், உன் வம்சத்தச் சிதறடிப்பேன்னு சொன்னார் அப்பா. அந்தச் சிதறின வம்சத்தைத்தான் கடவுள் தன் கூடாரத்தைத் தூக்கக் கூப்பிட்டார். மத்த எல்லாருக்கும் நிலத்துல பங்கு, லேவிக்குப் பங்கு கிடையாது. அவனப் பாத்து நீ எவடம்னு கேட்டா, இந்தக் கூடாரத்தத்தான் அவன் காட்டணும்."

எவடம் என்ற சொல் திருநெல்வேலி வாயிலிருந்து வந்ததும் முன்வரிசையில் கதிரைகள் கிரீச்சிட்டன.

"இந்தச் சபைல போனமாசம் எல்லாரையும் எவடம்னு கேட்டிருக்காங்க. என்னை மட்டும் யாரும் கேக்கல. திருநெல்வேலின்னு சொன்னதும் விட்டுட்டீங்க, அதுக்கு மேல கேக்க உங்களுக்கு வழி தெரியாது. நானே சொல்லிடறேன். எங்கப்பா எங்க ஊர்ல செத்த மாடு தூக்கினவரு. எங்க ஊர்ச் சபைல எங்களுக்குத் தனி வாசல், தனி வரிசை, திருவிருந்துக்குத் தனிக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குப் பயந்துதான் நான் கடல் தாண்டி ஓடிவந்தேன். ரெண்டு வருஷமா உங்க கையில அப்பம் குடுத்தது இந்தக் கைதான்."

கையைத் தூக்கிக் காட்டினார்.

யாரோ ஒரு அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் இருந்து தன் சாதியைச் சொல்ல அன்புராசா பட்ட பாட்டை எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தானா? ஏன் அப்போதே சொல்லவில்லை? இதை அவ்வளவு பேருக்கும் முன்னால் ஒரே அடியாகச் சொல்லத்தான் சேமித்து வைத்திருந்தாரா?

"நான் மெராரி" என்றார் பாஸ்டர். "மெராரிக்காரன் ஆசீர்வதிச்சத மெராரிக்காரங்களே பரிமாறட்டும். அன்புராசா பிரதர், வாங்க."

அன்புராசா எழும்பினான். எப்படி எழும்பினான், எப்படி முன்னுக்குப் போனான் என்று பிறகு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. முன்வரிசையில் ஒரு குடும்பம் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எழும்பி வெளியே போனது. பிறகு இன்னொரு குடும்பம். மற்றவர்கள் இருந்தார்கள். விரும்பி இருந்தார்களா, எழும்ப வெட்கப்பட்டு இருந்தார்களா என்பது அவரவருக்குத் தெரியும்.

தட்டோடு பின்வரிசையிலிருந்து வரிசை வரிசையாகப் போனான். சிலர் கிண்ணத்தை எடுத்தபோது அவன் கண்ணைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. ஒருவர் மூக்கை உறிஞ்சி, "தடிமன்" என்று கையை விரித்தார், பக்கத்திலிருந்த மனைவி முறைத்ததும் எடுத்துக்கொண்டார். அந்தச் சபையில் எடுத்த உடனே குடிப்பதில்லை. கடைசி ஆள் எடுக்கும்வரை எல்லோரும் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்து, பாஸ்டர் சொன்னதும் ஒன்றாகக் குடிப்பார்கள். கடைசியாகச் செயலாளரின் வரிசை. பேபி ஒன்றை எடுத்தாள். பொன்னம்பலம் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புராசா தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அடுத்தவரிடம் போக அடுத்தவர் இல்லை. நூறு பேர் கிண்ணமும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"எடுங்கோ அண்ணை" என்றான்.

அவர் அசையவில்லை.

"அண்ணை, வந்த புதிசிலை நாலு மாசம் நீங்கள் எங்கடை வீட்டிலை இருந்தனீங்கள். என்ரை சட்டியிலைதான் சாப்பிட்டனீங்கள்."

பொன்னம்பலம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுகிற உத்தியோகத்தரின் குரலில் சொன்னார்:

"அப்ப எனக்குத் தெரியாது தம்பி."

அன்புராசாவின் கையில் தட்டு சரிந்தது. பாஸ்டரின் பேச்சு, மெராரி, போன், எல்லாவற்றையும் தாங்கியவனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஒரே பாயில் படுத்த நாலு மாதத்தையும் அந்த மனிதர் ஒரே வசனத்தில் துடைத்துவிட்டார். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று குனிந்தான்.

"எனக்குத் தெரியும்."

பேபியின் குரல். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்துப் பேசினாள், ஆனால் பின்வரிசை வரை கேட்டது.

"வந்த முதல் கிழமையே வேரோனிக்காவைக் கேட்டனான். அவள் ஒண்டும் மறைக்கேல்லை. உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் எழும்பிப் போயிருப்பியள். கைப்பிள்ளையோடை அந்தக் குளிருக்குள்ளை நான் எங்கை போறது? அதுதான் வாயை மூடிக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் அவள் சமைச்சதைத்தான் உங்கடை சாப்பாட்டுக் கோப்பையிலை போட்டுத் தந்தனான். நீங்கள் இரண்டாந்தரமும் கேட்டுச் சாப்பிட்டனீங்கள்."

அன்புராசா வேரோனிக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்தாள். இத்தனை வருஷமாகத் தன் மனைவிக்கும் பேபிக்கும் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது! அன்று அவனுக்கு விழுந்த அடிகளில் எது பெரிது என்று சொல்லவே முடியாது.

பொன்னம்பலத்தின் முகம் ஒரு நிமிஷத்துக்குள் என்னென்னவோ ஆனது. இருபது வருஷம் கூட இருந்த மனிசியை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தொண்டையைத் தடவினார். பிறகு எழும்பி, ஒருவரையும் பார்க்காமல், கூடைப்பந்துக் கோடுகளை மிதித்தபடி வாசலுக்கு நடந்தார். கதவு அடித்துச் சாத்திய சத்தத்தில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

பாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. "சிஸ்டர்... அண்ணாச்சி வீட்டுக்குப் போயிடப் போறாங்க..." என்றார்.

"எங்கை போறது?" என்றாள் பேபி. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, குரல் மட்டும் உடையவில்லை. "கார்த் திறப்புக் கோர்வை என்ரை ஹாண்ட்பாக்கிலை கிடக்கு. நீங்கள் சொல்லுங்கோ பாஸ்டர், சனம் காத்துக்கொண்டு நிக்குது."

பாஸ்டர் சொன்னார். எல்லோரும் குடித்தார்கள். அன்புராசா தட்டோடு அப்படியே நின்றான். பரிமாறுகிறவன் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. வேரோனிக்கா எழும்பி வந்து அவன் தோளைத் தொட்டபோதுதான் தட்டைக் குனிந்து பார்த்தான். ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. பொன்னம்பலம் எடுக்காமல் விட்டது. அதை எடுத்துக் குடித்தான்.